புகைக்குழாயின் ஓசையும் எஞ்சினின் வலுவும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் ஏ15 வீதி, வாகரையை அடையுமுன்னர்ப் பனிச்சங்கேணியிலே பாலமொன்றின்மீது களப்பைக் கடக்கின்றது. ஊரின் பெயரிலே பனிச்சை மரமும் கேணியும் உள. பனிச்சங்காயின் சாற்றிலே மீன்வலையைத் தோய்த்து உரமேற்றுதல் பழைய வழக்கமாதலின், வலைத்தொழில் நிகழும் கரைக்கு இப்பெயர் வாய்த்தது வியப்பன்று. ஓசையை மறிக்கும் குன்றோ நெடிய கட்டட வரிசையோ இங்கு இல்லை. நீரை ஒட்டிய காற்று மேலுள்ள காற்றினும் குளிர்ந்திருக்கும் வேளைகளில் ஒலியலை வானோக்கிச் செல்லாது கீழ்நோக்கி வளையும். அப்பொழுது அக்கரையிற் பேசுவது இக்கரையிற் கேட்கும். ஆதலால் இவ்வீதியில் வரும் மோட்டார்ச் சைக்கிள் கண்ணுக்குப் புலப்படுமுன்னரே செவிக்குப் புலப்பட்டுவிடுகின்றது.

அவ்வோசையில் ஒரு பகுதி எஞ்சினோடு உடன்பிறந்தது. மற்றொரு பகுதி வண்டிக்குரியோர் விரும்பி வருவித்துக்கொண்டது. சைலன்சரின் உள்ளேயுள்ள தடுப்புத் தகடுகளை வெட்டியெடுத்தல், அதன் வயிற்றிலே துளையிடுதல், அதனை முழுவதும் கழற்றிவிட்டுக் குறுங்குழாய் ஒன்றைப் பொருத்துதல் என்பன இளைஞரிடையே பெருவழக்காயுள்ளன. ஓசை பெருகினால் வலுவும் பெருகும் என்பது அவர்தம் நம்பிக்கை. இந்நம்பிக்கை எள்ளத்தக்கதன்று. அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. அஃது எப்பொழுது உண்மையாயிருந்தது, எப்பொழுது உண்மையல்லாது போயிற்று என்பதை ஆராய்தல் வேண்டும்.

ஓசையை அளந்தறியும் ஆராய்ச்சி மட்டக்களப்பு நாட்டுக்குப் புதிதன்று. கல்லடிப் பாலத்தருகே நிலாக்கால இரவுகளிற் கேட்கும் பாடுமீன் இசை பலராலும் பேசப்பட்டது. காரைதீவிலே 1892ஆம் ஆண்டிற் பிறந்து, 1920ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்ற விபுலாநந்த அடிகள், பண்டை இசைமரபைக் கணிதத்தோடு இயைத்து ஆராய்ந்து 1947ஆம் ஆண்டில் யாழ்நூலை வெளியிட்டார். நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் கணக்கு இருப்பதுபோலக் குழலின் நீளத்துக்கும் சுருதிக்கும் கணக்கு உண்டு. புகைக்குழாயும் ஒரு குழலே. அதனை ஊதுபவன் எஞ்சின்.

எஞ்சினின் உருளைக்குள்ளே பெற்றோலும் காற்றும் எரிந்து முசலத்தைத் தள்ளிய பின்னர், வெளியேற்று வாயில் திறக்கின்றது. அப்பொழுது உள்ளிருக்கும் வாயுவின் அமுக்கம் வெளிக்காற்றின் அமுக்கத்தினும் பன்மடங்கு மிக்கது. வாயு பீறிட்டுப் பாயும்போது நெருக்கல் அலை ஒன்று குழாய்வழியே ஓடுகின்றது. சாதாரணக் காற்றிலே விநாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்லும் ஒலி, கொதிக்கும் புகையிலே 500 மீற்றரும் அதற்கு மேலும் செல்லும். குழாயின் திறந்த முனையை அடைந்ததும் அலையின் ஒரு பகுதி வெளியே போய் நம் செவியை அடைகின்றது. மறு பகுதி தெறித்துத் திரும்புகின்றது. திறந்த முனையிலே தெறிக்கும் நெருக்கல், ஐதாக்கலாக மாறித் திரும்பும்; ஒடுங்கிய அல்லது மூடிய முனையிலே தெறிப்பது நெருக்கலாகவே திரும்பும். திரும்பும் ஐதாக்கல் வாயில் திறந்திருக்கும்பொழுது வந்து சேருமாயின், உருளையில் எஞ்சிய புகையை உறிஞ்சியெடுத்துப் புதுக்கலவைக்கு இடஞ்செய்யும். காலந்தப்பி வருமாயின் உதவாது. சிலபோது இடையூறும் விளைக்கும். இவ்விரு விதிகளைக் கொண்டே பின்வரும் வரலாறு முழுவதையும் விளங்கிக்கொள்ளலாம்.

ஈண்டு ஒன்றைக் கருத்திற் கொள்க. வலுவைத் தரும் அலை உருளைக்குத் திரும்பி வருவது. ஊரை எழுப்பும் அலை குழாயின் வாயால் வெளியே போய்விடுவது. இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகளே. ஆயினும் ஒன்றைப் பெருக்குதல் மற்றதைப் பெருக்குதலாகாது.

கொட்லீப் டைம்லரும் வில்கெல்ம் மைபாக்கும் 1885ஆம் ஆண்டிலே யேர்மனியின் கான்ஸ்ராட் நகரில் மரச்சட்டத்தாலான இருசக்கர வண்டியொன்றில் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினர். அதன் கொள்ளளவு 264 கன சென்ரிமீற்றர். வலு அரைப் பரிவலு. சுழற்சி நிமிடத்துக்கு 600. இத்துணைச் சிறிய எஞ்சினின் ஓசை பெருந்தொல்லையாயிருந்திராது. தொல்லை எழுந்தது, வண்டிகள் பலவாகி, உருளைகள் பெருத்து, வீதிகளிலே குதிரைகளோடு கலந்து ஓடத் தொடங்கிய பின்னரே. மிரண்ட குதிரைகளே முதன்முதல் முறையிட்டன எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்னரே ஓசையடக்கும் பெட்டிகளுக்கு அமெரிக்காவிற் காப்புரிமை பெறப்பட்டது. இயந்திரத் துப்பாக்கி செய்த கைரம் மக்சிமின் மகனாகிய கைரம் பேர்சி மக்சிம் 1909ஆம் ஆண்டில் துப்பாக்கிக்கு ஓசையடக்கி செய்து காப்புரிமை பெற்று, எஞ்சின்களுக்கும் அத்தகையன செய்து விற்றார். தந்தை கூட்டிய ஓசையை மைந்தர் குறைத்தார் என்று சிலர் நகைப்பதுண்டு.

அக்காலத்துச் சைலன்சர்கள் செம்மையாக ஆக்கப்பட்டவையல்ல. தகரப் பெட்டிக்குள்ளே துளையிட்ட தகடுகளை அடுக்கி, புகையை அவற்றினூடே வலிந்து செலுத்துவதே முறை. புகைக்கரி படிந்து துளைகள் அடைபட்டதும் எஞ்சினுக்கு மூச்சுத் திணறும். எனவே மேட்டிலே ஏறும்பொழுது சைலன்சரை விலக்கிப் புகையை நேரே வெளிவிடுவதற்கென நெம்பு ஒன்று பொருத்தப்பட்டது. அதனை இழுத்ததும் ஓசை இடிபோல எழும். வண்டியும் சிறிது மிடுக்காக ஏறும். ஓசையும் வலுவும் ஒன்றே என்னும் நம்பிக்கை பிறந்த இடம் அதுவே. கண்ணாற் கண்டதையே அவர்கள் நம்பினர். ஆனால் அங்கே வலுவைத் தந்தது ஓசையன்று, அடைப்பு நீங்கியமையே. காரணம் மறைந்த பின்னரும் நம்பிக்கை மட்டும் தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்தது.

இலண்டனுக்குத் தென்மேற்கே வெய்பிரிட்ஜ் என்னும் ஊருக்கருகில் 1907ஆம் ஆண்டில் புரூக்லான்ட்ஸ் பந்தயத்தடம் திறக்கப்பட்டது. நிலவுடைமையாளர் கியூ லொக் கிங் என்பார் தம் சொந்தக் காணியிலே, சொந்தப் பணத்திலே அதனை அமைத்தார். திறந்தவுடனே செல்வின் எட்ஜ் என்பவர் இருபத்துநான்கு மணிநேரம் இடைவிடாது காரோட்டிச் சாதனை படைத்தார். அயலிலிருந்தோர் அவ்விரவு உறங்கவில்லை போலும், முறைப்பாடுகளும் வழக்குகளும் தொடர்ந்தன, இரவோட்டம் நின்றது. 1929ஆம் ஆண்டில் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயம் நடத்த விரும்பியோர், பகலிற் பன்னிரண்டு மணிநேரமாக இருநாட்கள் பிரித்தோட்டி, இடையிரவிலே வண்டிகளைப் பூட்டிவைக்க நேர்ந்தது.

1920களின் நடுப்பகுதியில் அத்தடத்தில் ஓடும் வண்டி ஒவ்வொன்றும் குறித்த வகைச் சைலன்சரை அணிந்திருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. பருத்த உருளைப் பெட்டியும், மீன்வால்போலத் தட்டையாய் விரிந்த வாயும் உடையது அது. ஓட்டுநர் முதலிற் சினந்தனர். தம் வண்டிகளின் கழுத்தை நெரித்துவிட்டார்கள் என்றனர். பின்னர் நிகழ்ந்ததே இங்கு முக்கியம். எஞ்சின் வல்லுநர்கள் அப்பெட்டிக்கு ஏற்பக் குழாயின் நீளத்தை மாற்றி, காபரேற்றரைத் திருத்தி, வாயிலின் காலத்தைச் சரிசெய்து, இழந்ததிற் பெரும்பகுதியை மீட்டுக்கொண்டனர். சைலன்சர் அணிந்த வண்டிகளாலேயே அடுத்த பத்தாண்டுகளில் அத்தடத்துச் சாதனைகள் பல முறியடிக்கப்பட்டன. 1939ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப் போரோடு தடம் மூடப்பட்டது.

1930களில் வேறொரு வடிவம் தோன்றிற்று. குழாயின் முடிவைக் கூம்புபோல விரித்தால் பந்தய எஞ்சினுக்கு நன்மையுண்டு என நோட்டன் முதலிய ஆங்கிலத் தொழிலகங்கள் கண்டன. நாதசுரத்தின் உலவு முடியுமிடத்தில் அணசு விரிந்திருப்பதை அறிந்தோர் இதனை எளிதில் விளங்குவர். திடீரென முடியும் குழாயில் அலை ஓரிடத்திலே தெறிக்கும். படிப்படியாக விரியும் குழாயில் நெடுந்தூரம் சிறிது சிறிதாகத் தெறிக்கும். ஆகவே உறிஞ்சல் வலிதாகவும் நீடித்தும் நிகழும். ஆனால் இந்நன்மை மிகு சுழற்சியில் மட்டுமே கிட்டிற்று. நடுச்சுழற்சியில் அதே கூம்பு எஞ்சினைத் திக்குமுக்காடச் செய்தது. பந்தயவீரர் வளைவிலிருந்து வெளிப்படும்போது கிளச்சை நழுவவிட்டுச் சுழற்சியை உயர்த்திக் காப்பாற்றுதல் வேண்டும். கடைக்குப் போய்வருபவருக்கு அக்கூம்பினால் விளையும் பயன் ஓசை ஒன்றே.

நிற்க. குழாயை ஆராய்ந்தோருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் கிழக்கு யேர்மனியரான வால்ரர் காடன் என்பவர். 1919ஆம் ஆண்டிற் பிறந்த இவர், 1953ஆம் ஆண்டில் சாக்சனியின் சோபாவ் நகரத் தொழிலகத்திலே பந்தயப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். அத்தொழிலகமே பின்னர் எம். இசட். என்னும் பெயரால் அறியப்பட்டது. பணமில்லை, நல்ல உலோகமில்லை, மேலைநாட்டுப் பொருள்களை வாங்க அந்நியச் செலாவணியுமில்லை. இருந்தது ஈரடிப்பு எஞ்சினும், அலைகாட்டிக் கருவியும், பொறுமையும்.

ஈரடிப்பு எஞ்சினின் பெருங்குறை யாதெனில், புகை வெளியேறும் வாயில் திறந்திருக்கும்பொழுதே புதுக்கலவையும் உள்ளே வருதலால், அதன் ஒரு பகுதி எரியாமலே வெளியே ஓடிவிடுதலாம். ஓடியதைத் திருப்பிக் கொணர்வது எங்ஙனம்? குழாயை முதலிற் கூம்பாக விரித்தால் ஐதாக்கல் திரும்பிச் சென்று புகையை உறிஞ்சும். பின்னர் அதனையே எதிர்க்கூம்பாக ஒடுக்கினால் நெருக்கல் திரும்பிச் சென்று, ஓடிவந்த புதுக்கலவையை வாயில் மூடுமுன்னர் உருளைக்குள்ளே தள்ளிவிடும். இத்தகைய அறைகளை முன்னரே வேறு சில யேர்மன் வல்லுநரும் முயன்றிருந்தனர். அதனை அளந்து, வரைந்து, மீண்டும் அளந்து செம்மைப்படுத்தியது காடனின் அருஞ்செயல்.

அவர் எதிர்கொண்ட கணக்கைத் தோராயமாக மாணவரும் செய்து பார்க்கலாம். நிமிடத்துக்கு 10,800 சுழற்சி என்றால் விநாடிக்கு 180. ஒரு சுழற்சிக்கு ஆகுங் காலம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஐந்தரைப் பங்குக்குச் சற்று மேல். வெளியேற்று வாயில் திறந்திருப்பது அதில் ஏறக்குறையப் பாதி; அஃதாவது ஆயிரத்தில் மூன்று பங்குக்குட்பட்டது. அக்காலத்துள் அலை விநாடிக்கு 500 மீற்றர் வீதம் ஓடினால் சற்றொப்ப ஒன்றரை மீற்றர் செல்லும். போய்வருதல் இரண்டும் அதற்குள் அடங்குதல் வேண்டுமாதலால், அலை தெறிக்கும் சுவர் உருளையிலிருந்து முக்கால் மீற்றருக்குட்பட்ட தொலைவில் இருத்தல் வேண்டும். சில சென்ரிமீற்றர் கூடினாலும் குறைந்தாலும் வேறொரு சுழற்சிக்கே அது பொருந்தும். கத்தரிக்கோலும் ஒட்டுக்கருவியும் கொண்டு மனம்போனபடி வெட்டும் குழாய் இக்கணக்கிற்குத் தற்செயலாக ஒத்துவருதல் அரிதினும் அரிது.

1961ஆம் ஆண்டில் காடனின் 125 கன சென்ரிமீற்றர் எஞ்சின் 25 பரிவலு தந்தது. லீற்றர் ஒன்றுக்கு 200 பரிவலு என்னும் அளவை, காற்றை அமுக்கிச் செலுத்தும் துணைக்கருவியின்றி எட்டிய முதல் எஞ்சின் அதுவென்பர். அவ்வாண்டு ஆகத்து மாதம் பேர்ளினிலே மதில் எழுந்தது. செத்தெம்பர் மாதம் 17ஆம் நாள் சுவீடனின் கிறிஸ்ரியன்ஸ்ராட் நகரில் நடந்த பந்தயத்தோடு, உலகப் பட்டத்தை நெருங்கியிருந்த காடனின் வீரர் ஏர்ன்ஸ்ற் டெக்னர் மேற்கு நாட்டுக்குத் தப்பிச் சென்றார்; மனைவியும் பிள்ளைகளும் காரொன்றிலே மறைந்து எல்லை கடந்தனர். டெக்னருடன் குழாயின் நுணுக்கமும் யப்பானிய சுசுகி நிறுவனத்தை அடைந்தது. 1962ஆம் ஆண்டில் 50 கன சென்ரிமீற்றர் வகுப்பின் உலகப் பட்டத்தை டெக்னர் சுசுகிக்கு ஈட்டிக்கொடுத்தார். காடனுக்கு உலகப் பட்டம் கிட்டவில்லை. 1996ஆம் ஆண்டில் காலமாகும் வரை அவர் சொந்த நாட்டைவிட்டுப் போகவுமில்லை. உலகெங்கும் ஓடிய ஈரடிப்புப் பந்தய வண்டி ஒவ்வொன்றின் வயிற்றருகேயும் அவர் வரைந்த உருவமே பருத்துக் கிடந்தது.

இங்கு நோக்கத்தக்கது ஒன்று. காடனின் அறை ஒடுங்கிய சிறு வாலொன்றில் முடியும். வேலை செய்யும் அலை அவ்வாலுக்கு வருமுன்னரே தெறித்துத் திரும்பிவிடும். எனவே வாலுக்கு அப்பால் நல்ல சைலன்சர் ஒன்றை மாட்டினாலும் வலு பெரிதும் குறையாது. வெளியே போகும் ஓசை, பயன்பட்டு முடிந்ததன் மிச்சமே.

நாலடிப்பு எஞ்சினிலும் இவ்வாராய்ச்சி நிகழ்ந்தது. பியூகுவோக்காவில் 1954ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் படையினரின் வண்டிகளைத் திருத்திக்கொடுத்துப் பெயர்பெற்ற கிதேயோ யோசிமுரா, 1971ஆம் ஆண்டில் கொண்டாவின் நாலுருளை வண்டிக்கு நான்கு குழாய்களையும் ஒன்றாகக் கூட்டிய அமைப்பொன்றைச் செய்தார். ஓருருளையின் புகை பாய்ந்து செல்லும்பொழுது அடுத்த உருளையின் புகையையும் இழுத்துச் செல்லும், எடையும் குறையும். இன்று ஆசியக் கடைத்தெருக்களில் அவர் பெயர் பொறித்த போலிக் குழாய்களும் விற்கப்படுகின்றன. ஓருருளை வண்டியிலே கூட்டுதற்கு இரண்டாங் குழாய் இல்லை என்பதை வாங்குவோர் எண்ணுவதில்லை. 1980களில் யமகா நிறுவனத்தார் குழாயின் உள்ளேயே சுழற்சிக்கேற்பத் திறந்தும் ஒடுங்கியும் இயங்கும் அடைப்பை வைத்தனர். எல்லாச் சுழற்சிக்கும் ஒத்த குழாய் ஒன்றில்லை என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டமைக்கு இதுவே சான்று.

இனித் தமிழ்நாட்டை நோக்குவோம். இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து றோயல் என்பீல்ட் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி 1955ஆம் ஆண்டில் என்பீல்ட் இந்தியாவைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரிலே புல்லட் வண்டி உருவாயிற்று. தாய் நிறுவனம் 1970ஆம் ஆண்டோடு இங்கிலாந்தில் மறைந்தது. திருவொற்றியூர்ப் பிள்ளை நிலைத்தது. புல்லட்டின் உருளை 70 மில்லிமீற்றர் விட்டமும் முசல ஓட்டம் 90 மில்லிமீற்றரும் உடையது. கொள்ளளவு 346 கன சென்ரிமீற்றர். ஓட்டம் நீண்டும் சுழற்சில்லுப் பாரமாயும் இருத்தலின் மிகத் தாழ்ந்த சுழற்சியிலும் அது நின்றுவிடாது துடிக்கும். நிமிடத்துக்கு 900 சுழற்சியென்று கொண்டால், நாலடிப்பு முறையில் இரு சுழற்சிக்கு ஒருமுறையே எரிதல் நிகழ்வதால், விநாடிக்கு ஏழரை அடி. இவ்வேகத்திலே செவி ஒவ்வோர் அடியையும் தனித்தனியே தவிலடிபோலக் கேட்கும். சுழற்சி மிகுந்தால் அடிகள் கலந்து சுருதியாகிவிடும். புல்லட்டின் புகழ்பெற்ற ஓசை தாளமேயன்றி உரப்பன்று. தொழிலகத்திலிருந்து வந்த பழைய சைலன்சரோடு அது கேட்டதுபோல, துளையிட்ட குழாயோடு கேட்பதில்லை என்று பழையவர் கூறுவதில் உண்மை உண்டு. உரப்பு மிகுந்தால் அடியின் ஈற்றிலுள்ள நுண்ணிய கார்வை அமுங்கிப்போம்.

தாளமே பொருளென்பதற்கு அமெரிக்காவிலும் ஒரு சான்றுண்டு. கார்லி டேவிட்சன் நிறுவனத்தின் ஈருருளை எஞ்சின் 45 பாகைக் கோணத்தில் அமைந்தது; எரிதல்களின் இடைவெளி ஒருமுறை 315 பாகை, மறுமுறை 405 பாகை. நொண்டி நடக்கும் இத்தாளத்தையே தன் வணிக அடையாளமாகப் பதியவேண்டுமென அந்நிறுவனம் 1994ஆம் ஆண்டில் விண்ணப்பித்தது. பிற நிறுவனங்கள் எதிர்த்தன. ஆறாண்டுகளின் பின்னர், 2000ஆம் ஆண்டில், விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டது.

இந்தியாவிலே எஸ்கோர்ட்ஸ் நிறுவனம் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட ராஜ்தூத் 350, யமகாவின் ஈரடிப்பு வண்டியொன்றின் மறுபதிப்பு. மூலவண்டியின் 39 பரிவலு இந்தியாவில் ஏறக்குறைய 30ஆகவும், பிற்பதிப்பில் 27ஆகவும் குறைக்கப்பட்டது. பெற்றோற் செலவைக் கருதி வெளியேற்றுப் பக்கத்தை இறுக்கியமை அதற்கான வழிகளுள் ஒன்று. சென்னையை அடுத்த சோழவரம் விமானத்தளத்துப் பந்தயங்களிலும் பிற இடங்களிலும் அவ்வண்டியை ஓட்டியோர் இறுக்கியதைத் தளர்த்தி இழந்த வலுவை மீட்க முயன்றனர். குழாய் மாற்றம் பயன்தரும் இடம் இத்தகையது. வேண்டுமென்றே குறைக்கப்பட்ட வலுவை, வாயிலும் குழாயும் காபரேற்றரும் ஒருங்கே திருத்தி மீட்பது கைவினை. ஒன்றை மட்டும் வெட்டுவது அன்று.

கீழ் மாகாண வீதிகளில் மிகுதியாக ஓடுவன 100 முதல் 150 வரை கன சென்ரிமீற்றர் கொண்ட ஓருருளை நாலடிப்பு வண்டிகள். சந்தைக்கும் வயலுக்கும் பாடசாலைக்கும் போய்வர உதவும் நடுச்சுழற்சியில் வலு மிகும்படியே அவற்றின் குழாய்கள் அமைக்கப்பட்டுள்ளன. தடுப்புத் தகட்டை நீக்கினால் அலை தெறிக்கும் இடம் மாறும், உறிஞ்சல் காலந்தப்பும், நடுச்சுழற்சியின் இழுவை குறையும். பாரமேற்றிக்கொண்டு புறப்படும்பொழுது இக்குறையை ஓட்டுபவர் உணர்வர், உணர்ந்து, மேலும் முறுக்குவர், பெற்றோல் செலவாகும். எஞ்சினுக்குப் பின்னமுக்கம் வேண்டும், அதனாலேயே வலு குறைகின்றது என்று கராஜ்களிலே விளக்கம் கூறுவர். அவ்விளக்கம் சரியன்று. பின்னமுக்கம் எந்த எஞ்சினுக்கும் தேவையில்லை. தேவைப்படுவது காலந்தவறாது திரும்பும் அலையே. தகட்டோடு சேர்த்து வெட்டப்படுவது அது.

கலவையும் கெடும். காபரேற்றரின் துளை பழைய குழாய்க்கு ஏற்ப அளக்கப்பட்டதாதலின், புகை இலகுவில் வெளியேறும்போது காற்று மிகுந்து பெற்றோல் குறையும், எஞ்சின் கொதிக்கும். மேலும், கைப்பிடியைத் தளர்த்தியதும் எரியாத கலவை சூடான குழாய்க்குள்ளே, இணைப்புகளின் வழியாகவும் வாயின் வழியாகவும் புகுந்த காற்றோடு கலந்து படபடவென வெடிக்கும். இவ்வெடிப்பைச் சிலர் வலுவின் அறிகுறியாகக் கொள்வர். உருளைக்குள் எரிந்து சில்லைச் சுழற்றவேண்டிய பெற்றோல், குழாய்க்குள் எரிந்து வீணாவதே அது.

எனினும் ஓட்டுபவர் வேகம் மிகுந்ததாக உறுதியாக நம்புவர். செவி வேகத்தை அளக்கும் கருவியன்று. ஆனால் மனிதன் அதனை அங்ஙனம் பயன்படுத்துகின்றான். இரண்டு கிலோமீற்றர்க் கற்களுக்கிடையே மணிக்கூட்டைப் பிடித்து, ஒரே வண்டியைப் பழைய குழாயோடும் வெட்டிய குழாயோடும் ஓட்டிப் பார்த்தோர் மிகச் சிலரே. செவிக்கு வரும் தீங்கோ அளந்தறியப்பட்டது. 85 டெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் கேட்டல் வரம்பெனின், ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் அந்நேரம் பாதியாகும். 100 டெசிபெலுக்குக் கால் மணிநேரமே எஞ்சும்.

வாகரைப் பகுதியிலே இவ்வோசைக்கு வேறொரு பொருளும் உண்டு. 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையால் அழிந்த கரை இது. ஈராண்டு கழியுமுன்னரே, 2006 நவம்பர் 8ஆம் நாள், கதிரவெளியில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலையின்மீது எறிகணைகள் வீழ்ந்து பொதுமக்கள் பலர் மாண்டனர். அவ்வாண்டின் இறுதியிலும் 2007ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இப்பகுதி மக்கள் ஆயிரக்கணக்கிலே தெற்குநோக்கி வெளியேறினர். அன்று குழந்தைகளாயிருந்தோர் இன்று வண்டி ஓட்டும் வயதினர். அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியோர் இன்றும் இவ்வீதியோர வீடுகளிலே உறங்குகின்றனர். நள்ளிரவிலே முன்னறிவிப்பின்றி எழும் வெடியோசை முதலில் அவர்களின் உடலுக்கே கேட்கின்றது. அது மோட்டார்ச் சைக்கிள் என்று அறிவு தெளிவது அதன் பின்னரே. புரூக்லான்ட்ஸ் அயலவர்க்கு வழக்குத் தொடுக்கும் வசதியிருந்தது. இங்குள்ளோர் எழுந்து கதவைத் தாழிட்டுப் படுப்பர்.

சட்டம் இல்லாமலில்லை. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன்கீழ் ஆக்கப்பட்ட விதிகளும் வாகனங்களின் அமைப்பை ஆளுகின்றன. இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி சைலன்சரைக் கட்டாயமாக்குகின்றது. பெங்களூர் முதலிய நகரங்களிலே பொலிசார் கழற்றிய குழாய்களை வீதியிற் பரப்பி உருளை வண்டியால் நசுக்கியதும் உண்டு. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கைப் பொலிசாரும் வாகனங்களில் விதிக்கு மாறாகப் பூட்டிய துணையுறுப்புகளை நீக்கும் நடவடிக்கையை நாடெங்கும் மேற்கொண்டனர். ஓசை மிகுந்த குழாய்களும் அவற்றுள் அடங்கின.

ஆயினும் கடலோர ஊர்களில் ஓசையிடும் குழாய்கள் யாவும் ஆசையால் வெட்டப்பட்டவையல்ல. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்பொழுது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் பிறக்கின்றது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அந்நீர் ஆவியாகவே வெளியேறிவிடும். வீட்டிலிருந்து வாடிக்கும், வாடியிலிருந்து கடைக்கும் குறுந்தூரம் ஓடும் வண்டியிலே குழாய் சூடாகுமுன் பயணம் முடிந்துவிடுவதால், ஆவி குளிர்ந்து சைலன்சரின் அடியில் நீராகத் தேங்கும். உள்ளே அந்நீர், வெளியே உப்புக்காற்று; இரண்டுக்கும் நடுவே மெல்லிய இரும்புத் தகடு. துரு உள்ளிருந்தே தின்று ஒருநாள் அடிப்பகுதியிற் பொத்தல் விழும். புதிய சைலன்சர் வாங்க இயலாத மீனவர், தகரத்துண்டு வைத்து ஒட்டுவித்து மேலும் சில மாதம் ஓட்டுவர். வெட்டிய குழாயின் ஓசை கூர்மையாகப் பின்புறத்தே எழும். துருப்பொத்தலின் ஓசை கரகரத்துக் கீழிருந்து எழும். கேட்டுப் பழகியோர் இரண்டையும் வேறுபடுத்தி அறிவர். தேங்கும் நீர் வடிவதற்கெனச் சைலன்சர்கள் பலவற்றின் தாழ்ந்த இடத்தில் தொழிலகத்தாரே சிறு துளையொன்று விட்டிருப்பர். அதனை ஒழுக்கென்று கருதி அடைத்துவிடுவோர் பலர். அடைத்த சைலன்சர் முன்னினும் விரைவாகத் துருப்பிடிக்கும்.